இழுக்கும்; தாங்குமா? – டிராவல் டிரெய்லர் குறித்த வாசகர் கேள்விகள்

கோடை விடுமுறைக்கு டிராவல் டிரெய்லர், அதாவது வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் சக்கர வீடு, வாங்குவது பற்றி இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே வகை வண்டியைச் சுற்றியே அமைந்திருந்தன. அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டுக்கு வீடு நிற்கும் அரை டன் பிக்கப் டிரக்தான் அது. ஃபோர்டு எஃப்-150, செவ்ரலே சில்வராடோ 1500, ராம் 1500, டொயோட்டா டுன்ட்ரா போன்றவை இந்த வகுப்பைச் சேர்ந்தவை. ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து, இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி (ஃபிரிஸ்கோ, டெக்சஸ்): இரண்டு மாதங்களுக்கு முன் அரை டன் பிக்கப் வாங்கினேன். விளம்பரக் கையேட்டில் இழுதிறன் 11,000 பவுண்டு என்று போட்டிருக்கிறது. 28 அடி நீள டிரெய்லர் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். அதன் காலி எடை 6,000 பவுண்டு, அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 7,600 பவுண்டு. "இந்த வண்டி சும்மா இழுத்துவிடும்" என்கிறார் விற்பனையாளர். நான், மனைவி, இரண்டு குழந்தைகள், ஊரிலிருந்து வரும் என் அம்மா என ஐந்து பேர் கொலராடோ வரை போக விரும்புகிறோம். முன்பணம் கட்டலாமா? ஓட்டுநர் கதவோரத்து ஸ்டிக்கரில் 1,520 பவுண்டு என்று ஓர் எண் இருக்கிறது. அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டுமா?

பதில்: முன்பணம் கட்ட வேண்டாம். விற்பனையாளர் பொய் சொல்லவில்லை. வண்டி இழுக்கத்தான் செய்யும். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி அது தாங்குமா என்பது. அதற்கான விடை விளம்பரக் கையேட்டில் இல்லை, நீங்கள் கடிதத்தின் கடைசி வரியில் தள்ளிவிட்ட அந்த 1,520இல் இருக்கிறது.

மஞ்சள் பட்டையுடன் கதவோரத்தில் ஒட்டப்பட்டிருக்கும் அந்தச் சிறிய ஸ்டிக்கர், வண்டிக்குள் ஏறும் ஆட்களும் சரக்கும் சேர்ந்து எவ்வளவு எடைக்கு மேல் போகக் கூடாது என்பதைச் சொல்கிறது. அது வண்டி வகைக்குப் பொதுவான எண் அன்று. நீங்கள் வாங்கிய அந்த ஒரு வண்டிக்கு உரியது. மேற்கூரைக் கண்ணாடி, நான்கு சக்கர இயக்கம், பெரிய சக்கரங்கள், தோல் இருக்கைகள் என்று வசதிகள் கூடக் கூட அந்த எண் குறைந்துகொண்டே வரும். ஒரே பெயரில் விற்கப்படும் இரண்டு பிக்கப்புகளுக்கு இடையே பல நூறு பவுண்டு வித்தியாசம் இருப்பது சாதாரணம். விலை உயர்ந்த வண்டி குறைவாகத் தாங்கும் என்பதை நம்மவர்கள் நம்ப மறுப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அரை டன் என்ற பெயரும் குழப்பத்தைக் கூட்டுகிறது. அமெரிக்க டன் 2,000 பவுண்டு என்பதால், ஒரு காலத்தில் 1,000 பவுண்டு சுமக்கும் வண்டியை அப்படி அழைத்தார்கள். இன்று அது வெறும் வகுப்பின் பெயர்.

இனி உங்கள் கணக்குக்கு வருவோம். டிரெய்லரின் காலி எடை என்பது தொழிற்சாலை வாசலில் எடுத்த எடை. அதில் பாத்திரம், படுக்கை, அரிசி, துணிமணி, தண்ணீர் எதுவும் இல்லை. ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டுக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும் என்பதால், 40 கேலன் தொட்டியை நிரப்பினாலே 330 பவுண்டுக்கு மேல் ஏறிவிடும். 20 பவுண்டு புரோப்பேன் சிலிண்டர் என்பது உள்ளிருக்கும் வாயுவின் எடை மட்டுமே. உருளையோடு சேர்த்து நிறுத்தால் 37 பவுண்டு அளவில் வரும், அப்படி இரண்டு இருக்கும். இவற்றையும் பேட்டரியையும் வீட்டுச் சாமான்களையும் சேர்த்தால், ஐந்து பேர் கொண்ட குடும்பத்தின் டிரெய்லர் காலி எடையைவிட ஆயிரம் பவுண்டாவது கூடுதலாக இருக்கும். உங்களுடையதை 7,100 என்று வைத்துக்கொள்கிறேன்.

இந்த 7,100 பவுண்டும் டிரெய்லரின் சொந்தச் சக்கரங்கள்மேல் நிற்பதில்லை. ஒரு பங்கு பிக்கப்பின் கொக்கிமேல் அழுந்தும். இங்கே டங் வெயிட் என்று சொல்லப்படும் இந்த அழுத்தத்துக்கு, மாட்டுவண்டியில் பாரம் ஏற்றியவர்களிடம் பொருத்தமான சொல் இருக்கிறது: முன்பாரம். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை முன்பாரமாக இருக்க வேண்டும் என்பது விதி. டிராவல் டிரெய்லருக்கு நான் 13 என்று வைத்தே கணக்குப் போடுவேன். 7,100க்கு 13 சதவீதம் 923 பவுண்டு. இந்த 923 முழுவதும் உங்கள் 1,520இலிருந்துதான் கழிய வேண்டும்.

ஐந்து பேரின் எடையை 625 பவுண்டு என்று கொள்வோம். பிக்கப்பின் பின்தொட்டியில் ஐஸ் பெட்டி, மடக்கு நாற்காலிகள், சிறிய ஜெனரேட்டர், கருவிப்பெட்டி ஆகியவற்றுக்கு 200. எடையைப் பகிரும் ஹிட்ச் என்ற கொக்கி அமைப்புக்கு (அதைப் பற்றி அடுத்த பதிலில்) 90. இவற்றோடு முன்பாரத்தின் 923ஐக் கூட்டினால் 1,838 பவுண்டு வருகிறது. ஸ்டிக்கர் அனுமதிப்பதைவிட இது 318 பவுண்டு அதிகம். இழுதிறனில் 3,900 பவுண்டு மிச்சம் இருக்கும்போதே சுமைத்திறன் தீர்ந்துபோகிறது.

அப்படியானால் 11,000 எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஜே2807 என்ற அளவுகோலின்படி செய்யப்பட்ட சோதனைகளில் கிடைக்கும் எண் அது. அந்தச் சோதனைகளில் ஒன்று, அரிசோனாவில் புல்ஹெட் சிட்டிக்குப் பக்கத்திலிருந்து மேலேறும் டேவிஸ் டேம் சாலையில் 11.4 மைல் தூரத்தை, 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில், குளிர்சாதனத்தை முழு அளவில் ஓடவிட்டு, வேகம் 40 மைலுக்குக் குறையாமல் ஏறிக் காட்டச் சொல்கிறது. கடுமையான சோதனைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் வண்டியில் 150 பவுண்டு எடையுள்ள இருவர் மட்டுமே இருப்பதாகவும், முன்பாரம் 10 சதவீதம் என்றும் வைத்துத்தான் அது கணக்கிடுகிறது. உங்கள் அம்மாவும் குழந்தைகளும் ஐஸ் பெட்டியும் அந்தக் கணக்கில் இல்லை.

இரண்டு வழிகள் இருக்கின்றன. சாமான்களோடு சேர்த்து 5,000 பவுண்டைத் தாண்டாத டிரெய்லரைத் தேடினால் முன்பாரம் 650 அளவில் நிற்கும். பின்தொட்டிச் சாமானை 120க்குக் குறைத்துக்கொண்டால் மொத்தம் 1,485 ஆகும், நூலிழையில் தப்பிக்கலாம். 28 அடி டிரெய்லர்தான் வேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தால், பிக்கப்பை முக்கால் டன் வகுப்புக்கு மாற்றுவதே நேர்மையான விடை. இரண்டு மாதங்களுக்கு முன் வாங்கிய வண்டியை மாற்றச் சொல்வது உங்களுக்குக் கசக்கும் என்பது தெரிந்துதான் சொல்கிறேன்.

கேள்வி (எடிசன், நியூ ஜெர்சி): டிரெய்லரை மாட்டியதும் என் பிக்கப்பின் பின்பக்கம் தாழ்ந்து, முகப்பு விளக்குகள் மரக்கிளைகளைத் தேடுகின்றன. பின் ஸ்பிரிங்குகளுக்கிடையே காற்றுப்பை வைத்தால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். டிரெய்லர் விற்ற கடைக்காரரோ எடையைப் பகிரும் ஹிட்ச் வாங்கச் சொல்கிறார். எது சரி?

பதில்: இந்த முறை கடைக்காரர் சொல்வதுதான் சரி. பின்பக்கம் தாழ்வது கண்ணுக்குத் தெரியும் அடையாளம் மட்டுமே. பின் அச்சுக்கு வெகு பின்னால் இருக்கும் கொக்கியில் எண்ணூறு பவுண்டு அழுத்தும்போது, ஏற்றப் பலகையின் ஒரு முனையில் பெரியவர் உட்கார்ந்தால் மறுமுனை எழுவதைப்போல, முன் அச்சிலிருந்து எடை விலகுகிறது. திருப்புவதும், பிரேக் பிடிக்கும்போது பெரும்பங்கு வேலையைச் செய்வதும் முன்சக்கரங்கள்தான். காற்றுப்பை பின்பக்கத்தை உயர்த்தி விளக்குகளைச் சாலைக்குத் திருப்பும், ஆனால் முன் அச்சிலிருந்து விலகிய எடையை ஒரு பவுண்டுகூடத் திருப்பித் தராது.

எடையைப் பகிரும் ஹிட்ச் வேறு விதமாக வேலை செய்கிறது. கொக்கிப் பகுதியிலிருந்து டிரெய்லரின் சட்டத்துக்குப் போகும் இரண்டு எஃகுத் தண்டுகள் விசையோடு இறுக்கப்படும்போது, அவை நெம்புகோலாகி, பின் அச்சின் சுமையில் ஒரு பகுதியை முன் அச்சுக்கும், இன்னொரு பகுதியை டிரெய்லரின் அச்சுகளுக்கும் தள்ளிவிடுகின்றன. ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: இது சுமையைப் பகிர்கிறதே தவிர, ஸ்டிக்கரில் உள்ள எண்ணைக் கூட்டுவதில்லை.

சரியாக இறுக்கியிருக்கிறீர்களா என்று பார்க்க அளவு நாடா போதும். சமதளத்தில், டிரெய்லர் மாட்டாமல், முன்சக்கரத்துக்கு மேலுள்ள வளைவின் உயரத்தைத் தரையிலிருந்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 37 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். தண்டுகளைப் பூட்டாமல் டிரெய்லரை மட்டும் மாட்டி அளந்தால் அது 38 ஆகியிருக்கலாம். தண்டுகளைப் பூட்டிய பிறகு அந்த ஓர் அங்குலத்தில் எவ்வளவு திரும்ப இறங்க வேண்டும் என்பதை உங்கள் வண்டியின் கையேடு சொல்லும். பாதி என்பாரும் உண்டு, அதற்கு மேல் என்பாரும் உண்டு. ஆரம்ப உயரத்துக்கும் கீழே இறங்கினால் அளவுக்கு மீறி இறுக்கிவிட்டீர்கள் என்று பொருள். கூடவே, வண்டிக்கு அடியில் கொக்கிச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் குனிந்து பாருங்கள். இத்தகைய ஹிட்ச் இல்லாமல் எவ்வளவு, அதோடு எவ்வளவு என்று இரண்டு வரம்புகள் அதில் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கும்.

கேள்வி (சான் அன்டோனியோ, டெக்சஸ்): நெடுஞ்சாலையில் பெரிய லாரி ஒன்று கடந்தபோது என் டிரெய்லர் பாம்புபோல நெளிந்தது. பதறிப்போய் பிரேக்கை அழுத்தினேன். நெளிவு இன்னும் கூடியது. எப்படியோ தப்பித்தோம். எங்கே தவறு?

பதில்: பெரிய லாரி நெருங்கும்போது அதன் முன்னால் தள்ளப்படும் காற்று டிரெய்லரின் பின்பகுதியை ஒருபுறம் தள்ளும், கடந்துபோகும்போது பக்கவாட்டு உறிஞ்சல் மறுபுறம் இழுக்கும். ஒழுங்காகப் பாரம் ஏற்றிய டிரெய்லர் ஓர் அசைவோடு அடங்கிவிடும். அடங்காமல் நெளிந்தால், பெரும்பாலும் பின்பாரம் கூடியிருக்கிறது. மாட்டுவண்டியில் பின்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மேலே எழும்பிக் கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். அந்த வண்டிக்காரர் உடனே இறங்கி மூட்டைகளை முன்னால் நகர்த்துவார். நமக்கு மாடு திமிறி எச்சரிக்கை தருவதில்லை; 65 மைல் வேகத்தில் பக்கத்தில் லாரி வரும்போதுதான் தெரிகிறது.

இந்தப் பாடத்தை நானும் படித்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் அமரில்லோவுக்கு மேற்கே ஐ-40 நெடுஞ்சாலையில் போனபோது, பிள்ளைகளின் நான்கு சைக்கிள்களை டிரெய்லரின் பின்பம்பரில் ஒரு தாங்கியை மாட்டித் தொங்கவிட்டிருந்தேன். தாங்கியும் சைக்கிள்களும் சேர்ந்து 150 பவுண்டு இருக்கும். டிரெய்லரின் அச்சுக்கு வெகு பின்னால் தொங்கும் அந்த எடை நெம்புகோல் கணக்கில் முன்பாரத்திலிருந்து ஏறக்குறைய நூறு பவுண்டைக் களவாடியிருந்தது. டெக்சஸின் அந்த வடக்கு மூலையில் காற்றைத் தடுக்க ஒரு மரம்கூடக் கிடையாது. இரண்டாவது லாரி கடந்தபோது பக்கக் கண்ணாடியில் டிரெய்லரின் முழுப் பக்கச் சுவரும் தெரிந்தது. அது தெரியக் கூடாத காட்சி.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது இது. காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுங்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள், நெளிவுக்கு எதிராகத் திருப்பாதீர்கள். பிக்கப்பின் பிரேக்கைத் தொடாமல், டிரெய்லரின் பிரேக்கை மட்டும் இயக்கும் கைவிசையை மெல்ல அழுத்துங்கள். பின்னால் இருந்து பிடித்து இழுத்தாற்போல டிரெய்லர் நேராகும். இதற்காகவே அந்தக் கைவிசை எங்கே இருக்கிறது என்பதைக் கண் பார்க்காமல் விரல் அறிந்திருக்க வேண்டும்.

அந்த விசை இருக்கும் கருவியைத்தான் பிரேக் கன்ட்ரோலர் என்கிறோம். ஏழு முனைச் செருகி வழியாக டிரெய்லரின் மின்பிரேக்குகளுக்கு எவ்வளவு மின்சாரம் போக வேண்டும் என்பதை அதுவே தீர்மானிக்கிறது. புறப்படும் முன் ஆளில்லாத சமதளத்தில் 25 மைல் வேகத்தில் போய்க் கைவிசையை முழுதாக அழுத்திப் பாருங்கள். டிரெய்லர் உறுதியாக இழுத்துப் பிடிக்க வேண்டும், ஆனால் அதன் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு தேயக் கூடாது. அந்த அளவில் கன்ட்ரோலரை நிறுத்துங்கள். டிரெய்லர் கழன்றுவிட்டால் தானாக பிரேக் பிடிக்கச் செய்யும் மெல்லிய கம்பியைப் பாதுகாப்புச் சங்கிலியில் மாட்டாமல், பிக்கப்பில் தனி இடத்தில் மாட்ட வேண்டும். சங்கிலியே அறுந்தால் கம்பியும் அதோடு போய்விடக் கூடாது அல்லவா?

கேள்வி (ராலே, வட கரோலினா): எடையைக் கணக்கிடச் சொல்கிறீர்கள், சரி. ஆனால் இவ்வளவு பெரிய வண்டியை எங்கே கொண்டுபோய் நிறுப்பது?

பதில்: நெடுஞ்சாலையோரத்து லாரி நிறுத்தங்களில். கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற பெயர்ப்பலகையோடு மேடைத் தராசுகள் நாடெங்கும் இருக்கின்றன. லாரிக்காரர்களுக்கானது என்று கூச்சப்பட வேண்டாம். கட்டணமும் ஒரு குடும்பத்தின் மதிய உணவுச் செலவைவிடக் குறைவு. தராசில் தனித்தனிப் பலகைகள் உண்டு. பிக்கப்பின் முன்சக்கரங்கள் முதற்பலகையிலும், பின்சக்கரங்கள் இரண்டாவதிலும், டிரெய்லரின் சக்கரங்கள் மூன்றாவதிலும் நிற்குமாறு ஓட்டிச் சென்று, பேச்சுப்பெட்டியின் பொத்தானை அழுத்திச் சொன்னால் எடைச் சீட்டுத் தருவார்கள்.

பயணத்துக்குப் போவதைப்போலவே ஆட்களும் சாமானும் பெட்ரோலும் நிரப்பிக்கொண்டு போங்கள். மூன்று முறை நிறுக்க வேண்டும்: எடையைப் பகிரும் ஹிட்ச்சின் தண்டுகளைப் பூட்டி ஒருமுறை, தண்டுகளைத் தளர்த்தி ஒருமுறை, டிரெய்லரை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டுப் பிக்கப்பை மட்டும் ஒருமுறை. என்னுடைய சீட்டுகளையே எடுத்துக்காட்டாகத் தருகிறேன். பிக்கப் மட்டும்: முன் அச்சில் 3,220, பின் அச்சில் 2,940, ஆக 6,160. டிரெய்லரை மாட்டித் தண்டுகளைப் பூட்டாமல்: முன் அச்சில் 2,880, பின் அச்சில் 4,120, ஆக 7,000, டிரெய்லர் அச்சுகளில் 5,760. தண்டுகளைப் பூட்டிய பின்: 3,120, 3,780, ஆக 6,900, டிரெய்லர் அச்சுகளில் 5,860.

இனிக் கழித்தல்தான். 7,000இலிருந்து 6,160ஐக் கழித்தால் 840, அதுவே முன்பாரம். அதோடு 5,760ஐச் சேர்த்தால் டிரெய்லரின் உண்மையான எடை 6,600. முன்பாரம் அதில் ஏறக்குறைய 12.7 சதவீதம்; நல்ல இடத்தில் இருக்கிறது. முன் அச்சு இழந்த 340 பவுண்டில் 240ஐத் தண்டுகள் திருப்பிக் கொடுத்திருக்கின்றன. என் வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 7,050. பூட்டிய நிலையில் 6,900 என்பதால் 150 பவுண்டு மிச்சம். இந்த 150ஐப் பார்த்த நாளிலிருந்து விறகு வாங்குவதைப் போய்ச்சேரும் ஊருக்கு ஒத்திப்போட்டுவிட்டேன். உங்கள் சீட்டைக் கதவோரத்தில் எழுதியிருக்கும் மொத்த எடை, முன் அச்சு, பின் அச்சு ஆகிய மூன்று வரம்புகளோடும் ஒப்பிடுங்கள். மொத்தம் சரியாக இருந்து பின் அச்சு மட்டும் மிஞ்சியிருப்பதும் நடக்கும்.

கேள்வி (ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா, ஸ்கார்பரோ, ஒன்டாரியோ – ஒரே பொருளில் இரண்டு கடிதங்கள்): தனி உரிமம் வேண்டுமா?

பதில்: கலிஃபோர்னியாவில் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 10,000 பவுண்டுக்கு மேற்படாத டிராவல் டிரெய்லரைச் சாதாரண சி வகுப்பு உரிமத்தோடு இழுக்கலாம். ஆனால் எதை இழுத்தாலும் அங்கே உச்ச வேகம் 55 மைல்தான் என்பதைப் பலர் அபராதச் சீட்டு வந்த பிறகே அறிகிறார்கள். ஒன்டாரியோவில் ஜி வகுப்பு உரிமத்தோடு 4,600 கிலோகிராம் வரையிலான டிரெய்லரை இழுக்கலாம். டிரெய்லரின் மொத்த எடை 1,360 கிலோகிராமை எட்டினால் அதற்குத் தனி பிரேக் கட்டாயம். அரை டன் பிக்கப்பை வைத்துக்கொண்டு இந்த உரிம வரம்புகளை மீற நினைப்பவர், முதல் கேள்விக்கான பதிலை மறுபடி படிக்கவும்.

கேள்வி (சிகாகோ புறநகர்): பழைய டிரெய்லர் ஒன்று மலிவாக வருகிறது. டயர்களில் பட்டை அப்படியே இருக்கிறது, புதிது போலத்தான் தெரிகிறது. அதே டயர்களோடு நெடுந்தூரம் போகலாமா?

பதில்: டிரெய்லர் டயர்கள் தேய்ந்து சாவதைவிட வயதாகிச் சாவதுதான் அதிகம். ஆண்டில் பதினொரு மாதம் வெயிலில் ஒரே இடத்தில் நின்று, பன்னிரண்டாவது மாதம் முழுப்பாரத்தோடு ஓடினால் ரப்பர் என்ன செய்யும்? டயரின் பக்கவாட்டில் டிஓடி என்ற எழுத்துகளுக்குப் பின்வரும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. சில டயர்களில் முழுக் குறியீடு ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். வெளியே தெரியவில்லையென்றால் அடியில் நுழைந்து உட்பக்கத்தைப் பாருங்கள். ஐந்தாறு ஆண்டுகளைக் கடந்துவிட்டால், பட்டை எப்படி இருந்தாலும் மாற்றும் செலவை விலையில் பேசிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

காற்றழுத்தத்தை டிரெய்லரில் ஒட்டிய ஸ்டிக்கர் சொல்லும் அளவுக்கு, டயர் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் நிரப்ப வேண்டும். டிரெய்லருக்கென்றே செய்யப்படும் டயர்களில் பல 65 மைல் வேகத்துக்கு மட்டுமே வடிவமைக்கப்பட்டவை. சாலையோரப் பலகையில் 75 என்று எழுதியிருப்பது உங்கள் டயருக்குத் தெரியாது.

கேள்வி (பிளேனோ, டெக்சஸ்): டென்வரிலிருந்து ஐ-70 வழியாக மலையைக் கடக்க இருக்கிறோம். ஏற்றத்தில் வண்டி திணறுமோ என்று பயமாக இருக்கிறது. டிரெய்லரோடு போனால் எரிபொருள் எவ்வளவு செலவாகும்?

பதில்: ஏற்றத்தைக் கண்டு பயப்பட வேண்டாம், அங்கே நேரும் அதிகபட்ச அவமானம், வலதோரத் தடத்தில் லாரிகளோடு லாரியாக ஊர்வதுதான். அந்த வழியிலுள்ள ஐசனோவர் சுரங்கப்பாதை 11,158 அடி உயரத்தில் இருக்கிறது. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் ஏறக்குறைய 3 சதவீதம் வலுவை இழக்கும் என்பதால், அந்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். டர்போ எஞ்சின்கள் இந்த இழப்பைப் பெருமளவு ஈடுகட்டிக்கொள்ளும்.

பயப்பட வேண்டியது இறக்கத்துக்கு. சுரங்கத்தைத் தாண்டியதும் 7 சதவீதம் வரையிலான சரிவு தொடங்கும். அங்கே பிரேக் மிதியில் காலை வைத்தபடியே இறங்கினால் பிரேக் சூடேறி, மிதித்தாலும் பிடிக்காத நிலை வரும். பிரேக் போன லாரிகள் ஓடி ஏறுவதற்காகச் சாலையோரத்தில் சரளை நிரப்பிய மேட்டுப் பாதைகள் அமைத்திருப்பதைப் பார்ப்பீர்கள். அவை அலங்காரத்துக்கு இல்லை. சரிவு தொடங்கும் முன்பே, பாரம் இழுப்பதற்கேற்பக் கியரை மாற்றும் டோ-ஹால் பொத்தானை அழுத்தி, வேகத்தைக் குறைத்து, கீழ்க் கியருக்கு மாறிவிடுங்கள். எஞ்சின் இரைந்துகொண்டே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். அந்த இரைச்சலைக் கேட்டுப் பக்கத்தில் இருப்பவர் "வண்டிக்கு என்னமோ ஆகிவிட்டது" என்பார். ஒன்றும் ஆகவில்லை என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. வேகம் கூடும்போது மட்டும் பிரேக்கை உறுதியாகச் சில வினாடிகள் அழுத்தி, வேகம் குறைந்ததும் முழுதாக விட்டுவிடுங்கள்.

எரிபொருளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வழக்கமாக ஒரு கேலனுக்கு 20 மைல் தரும் வண்டி, டிரெய்லரோடு 9 அல்லது 10 தந்தால் அது பழுதன்று. எடையைவிட, சுவர்போல எழுந்து நிற்கும் டிரெய்லரின் முகப்பு காற்றை எதிர்ப்பதுதான் முதன்மைக் காரணம். 70இல் போவதை 60ஆகக் குறைத்தால் மிச்சம் கையோடு தெரியும். கால் தொட்டி இருக்கும்போதே அடுத்த நிலையத்தைத் தேடத் தொடங்குங்கள், டிரெய்லரோடு நுழைந்து திரும்பாமலே வெளியேறக்கூடிய நிலையம் எல்லா ஊரிலும் கிடைக்காது.

கேள்வி (மீண்டும் டெக்சஸ், பெயர் வேண்டாம் என்கிறார்): என் மாமியாருக்கு முழங்கால் வலி. நெடுநேரம் காலைத் தொங்கவிட்டு உட்கார முடியாது. ஓடும்போது டிரெய்லருக்குள் கட்டிலில் படுத்துக்கொண்டு வரலாமா? பின்னால்தானே வருகிறது?

பதில்: கூடாது. பெரும்பாலான மாநிலங்களில் ஓடும் டிராவல் டிரெய்லருக்குள் ஆள் இருப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டிருக்கிறது. சில இடங்களில் அப்படித் தடை இல்லையென்றாலும் என் பதில் மாறாது. உள்ளே இருக்கைப்பட்டை இல்லை. டிரெய்லரின் சுவர்கள் மெல்லிய சட்டத்தில் தகடு போர்த்தியவை, விபத்தில் ஆளைக் காக்க அமைந்தவை அல்ல. அலமாரிக் கதவுகள் திறந்து பாத்திரங்கள் விழுவதைப் பயணம் முடிந்து கதவைத் திறக்கும் எவரும் பார்த்திருப்பார்கள். மேலே சொன்ன நெளிவு வந்தால் உள்ளே இருப்பவர் ஓட்டுநரை அழைக்கவும் வழியில்லை.

பிக்கப்பின் முன் இருக்கையை அவருக்குக் கொடுங்கள். இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, காலடியில் கெட்டியான தலையணை ஒன்றை வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓய்விடத்தில் நிறுத்தினால், சமையலறையும் கழிப்பறையும் கட்டிலும் கூடவே வந்திருக்கும். அரை மணி நேரம் அவர் கால் நீட்டிப் படுக்கட்டும். அதற்குள் நீங்கள் வெளியே ஒரு சுற்று வந்து, டயர்களின் பக்கத்தில் கையை வைத்து எதுவும் மிதமிஞ்சிச் சூடேறியிருக்கிறதா என்று பார்த்து, கொக்கியின் ஊசியும் சங்கிலியும் செருகியும் அதனதன் இடத்தில் இருக்கின்றனவா என்று சரிபார்த்துவிடலாம்.